பட்டறைக்கு முன் ஒரு பாயிரம்

கண்டியில் சனிக்கிழமை ஒன்பது மணிக்கென்று குறித்த கதைப் பட்டறை பத்து மணிக்குப் பக்கத்தில்தான் தொடங்கும். ஹட்டனில் விடியற்காலை பஸ் ஏறியவர் கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று வளைவு வளைவாக இறங்கி வந்து சேர வேண்டும். மாத்தளையிலிருந்து வருபவர் கட்டுகஸ்தோட்டை நெரிசலில் நின்றிருப்பார். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் யாழ்ப்பாண, மட்டக்களப்புப் பிள்ளைகள் நாலைந்து பேராகச் சேர்ந்து வந்து பின்வரிசையில் உட்காருவார்கள். பிளேன்டீயும் பணிஸும் ஒரு சுற்று முடிந்ததும் ஒருங்கிணைப்பாளர் சொல்வார்: "சரி, முதல்ல எல்லாரும் உங்கள ஒருக்கா அறிமுகப்படுத்திக்கொள்ளுங்க."

அதோடு ஒரு மணி நேரம் போய்விடும். இருபது பேர், ஆளுக்கு மூன்று நிமிடம். பெயர், ஊர், உத்தியோகம், வெளிவந்த நூல்கள், கிடைத்த பரிசுகள், கடைசியில் "உங்களிடம் கற்றுக்கொள்ளவே வந்திருக்கிறேன்" என்ற ஒரு வசனம். சுற்று முடியும்போது யார் எந்தப் பாடசாலையில் படிப்பிக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். யார் செத்தவர்களைப் பேசவைத்து எழுதுகிறார், யார் செவ்வாய்க்கு ஆள் அனுப்புகிறார், யாருடைய கதையில் 1815இல் கண்டி வெள்ளையரிடம் விழவே இல்லை என்பது ஒருவருக்கும் தெரியாது. பிற்பகல் அந்தக் கதைகளைத்தான் அவர்கள் வாசித்துக் கருத்துச் சொல்லப் போகிறார்கள்.

இந்த அத்தியாயம் அந்த ஒரு மணி நேரத்தை மீட்பது பற்றியது.

எந்தப் பட்டறைக்கும் அறிமுகம் தேவைதான். ஆனால் ஊகப்புனைவுப் பட்டறையில் அதற்கு வேலை கூட. நடப்பியல் கதையில் ஒருத்தி மலையில் கொழுந்து எடுக்கிறாள் என்றால், மழை மேலே இருந்து கீழேதான் பெய்யும் என்று வாசகர் தானாகவே எடுத்துக்கொள்வார். விஞ்ஞானக் கதை, மாயக் கதை, மாற்று வரலாறு எழுதுபவர் உலகத்தின் சட்டங்களில் ஒன்றிரண்டைக் கழற்றி வைத்துவிட்டுத் தொடங்குகிறார். எதைக் கழற்றினார் என்று தெரியாத சக எழுத்தாளர், "இப்படி நடக்குமா?" என்று முதல் கேள்வி கேட்பார். அடுத்தவர் அதற்குப் பதில் சொல்வார். பட்டறை விவாத மேடையாகிவிடும். கதையின் வசனம், பாத்திரம், முடிவு எல்லாம் கவனிக்கப்படாமலே பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோகப்படும்.

தமிழில் இதற்கு வழி புதிதாகத் தேட வேண்டியதில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல், ஒரு நூலைச் சபைக்கு அறிமுகப்படுத்தும்போது என்னென்ன சொல்ல வேண்டும் என்று பட்டியலே தருகிறது. ஆக்கியவர் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூலின் பெயர், அது கட்டப்பட்ட முறை, எடுத்துக்கொண்ட பொருள், கேட்பதற்கு உரியவர், கேட்பதால் வரும் பயன் என்று எட்டு. காலம், அரங்கேறும் களம், எழுதிய காரணம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பதினொன்று என்பாரும் உண்டு என்று அவரே சொல்கிறார். இதற்குச் சிறப்புப் பாயிரம் என்று பெயர். பரீட்சைக்காக மனப்பாடம் செய்து மறந்துவிட்ட இந்தப் பட்டியல், கண்டியில் ஒரு சனிக்கிழமைக் காலைக்கு மிகவும் பொருந்துகிறது.

அந்தப் பதினொன்றில் ஆக்கியவரின் உத்தியோகமும் இல்லை, பெற்ற பரிசும் இல்லை. பெயர் மட்டும் முதலில் வருகிறது. மற்ற அத்தனையும் நூலைப் பற்றியவை.

"வழி" என்ற சொல்லில் பலர் தடுக்கி விழுவார்கள். அது பிறந்த குலத்தைக் கேட்கவில்லை. இந்த நூல் எந்த நூல்களிலிருந்து வளர்ந்தது என்று கேட்கிறது. அறிமுகத்தில் ஒரு எழுத்தாளர் இரண்டு பெயர் சொன்னாலே கேட்பவர்களுக்குத் திசை பிடிபட்டுவிடும். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில் வரும் ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டியைப் பார்த்து எழுத வந்தவர் என்றால் ஒரு வகை. ஜெயமோகனின் 'விசும்பு' கதைகளைப் படித்து, மரபான அறிவிலிருந்து விஞ்ஞானக் கதை செய்யலாம் என்று கண்டவர் என்றால் வேறு வகை. செத்துப்போன ஒருவனே நாயகனாக வரும் நாவலுக்காக 2022இல் புக்கர் பரிசு பெற்ற ஷெஹான் கருணாதிலகவை விரும்புபவர் மூன்றாவது வகை.

கண்டிக்காரர்களுக்குச் சொந்தமாகவே ஒரு வழி இருக்கிறது. 1838இல் கண்டியில் பிறந்த சட்டத்தரணி மு. கா. சித்திலெப்பை, 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். 1885இல் 'அசன்பேயுடைய சரித்திரம்' என்ற நாவலை வெளியிட்டார். தமிழில் வந்த முதல் சில நாவல்களில் ஒன்று அது. இலங்கையின் முதல் தமிழ் நாவல் என்றும் அதைச் சொல்வார்கள். அதன் நாயகன் கண்டியிலோ கொழும்பிலோ பிறக்கவில்லை. எகிப்தில் பிறக்கிறான், கதை பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் போகிறது. தான் வாழாத ஊர்களைத் தமிழில் கட்டி எழுப்பலாம் என்று இந்த மலைநாட்டு நகரத்தில் பிறந்த ஒருவர் நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே துணிந்திருக்கிறார். கண்டியில் வேற்றுலகக் கதை எழுதுபவர் தன்னைத் தனிமரம் என்று நினைக்க வேண்டியதில்லை.

"எல்லை" என்பதுதான் ஊகப்புனைவுக்கு உயிர்நாடி. கதை நிற்கும் நிலம் எது, அதில் எவ்வளவு நிஜம், எவ்வளவு கற்பனை என்று சொல்லிவிடுவது. இதற்கு இலங்கையிலேயே எழுதப்பட்ட ஒரு முன்மாதிரி உண்டு. 1956இல் இலங்கைக்கு வந்து 2008இல் இறக்கும்வரை இங்கேயே வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க், 1979இல் வெளியிட்ட 'சொர்க்கத்தின் நீரூற்றுகள்' என்ற நாவலில், பூமியிலிருந்து விண்வெளிக்கு ஏறும் ஒரு மின்தூக்கியைக் கட்டுகிறார். நாட்டுக்குப் பெயர் தப்ரபேன். அது பெரும்பாலும் இலங்கையேதான் என்று முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார். பின்னுரையில் இன்னும் தெளிவாக, தான் செய்த மாற்றங்கள் மூன்று என்று கணக்குக் கொடுக்கிறார். தீவை 800 கிலோமீட்டர் தெற்கே நகர்த்தி நிலநடுக்கோட்டில் வைத்தார். சிவனொளிபாத மலையின் உயரத்தை இரண்டு மடங்காக்கினார். அந்த மலையைச் சிகிரியாவுக்கு அருகில் கொண்டுவந்தார். முதல் மாற்றத்துக்குப் பொறியியல் காரணமே உண்டு. அப்படி ஒரு மின்தூக்கியின் அடி நிலநடுக்கோட்டில் நிற்பதுதான் பொருத்தம். இலங்கையோ அதற்கு வடக்கே இருக்கிறது.

மூன்று மாற்றம், மிச்சமெல்லாம் உள்ளபடி. இதைவிடச் சுருக்கமான அறிமுகம் கிடைப்பது அரிது. பட்டறைக்கு வருபவர் தன் கதையை எடுத்து, "இந்த உலகத்தில் நான் மாற்றியவை எவை?" என்று எண்ணிப் பார்க்கட்டும். மூன்றுக்குள் அடங்கினால் அறிமுகம் தயார். எட்டு, பத்து என்று போனால், அறிமுகத்தைவிடக் கதையில்தான் வேலை மிச்சம் இருக்கிறது என்று பட்டறைக்கு முன்பே தெரிந்துவிடும்.

இனி ஒரு நேரடி உதாரணம். தெல்தெனியாப் பக்கத்துப் பாடசாலை ஆசிரியை ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான சுற்றில் அவர் இப்படிச் சொல்வார்:

"நான் இருபது வருஷமா ஆசிரியையா இருக்கேன். கவிதை, சிறுகதை, நாடகம் எல்லாம் எழுதுவேன். மாகாண மட்டத்துல ரெண்டு தரம் பரிசு கிடைச்சிருக்கு. பெரிய எழுத்தாளர்னு சொல்ல முடியாது, ஏதோ எழுதுறேன். இன்னைக்கு உங்க எல்லார்கிட்டயும் கத்துக்கணும்னு வந்தேன்."

இதில் பொய் ஒன்றும் இல்லை. கேட்பவர்களுக்குப் பயன்படும் சொல்லும் ஒன்றும் இல்லை. அதே ஆசிரியை, அதே நேரத்துக்குள் இப்படிச் சொல்லியிருக்கலாம்:

"என்னோட கதை பழைய தெல்தெனியா டவுன்ல நடக்குது. விக்டோரியா அணை கட்டுனப்ப தண்ணிக்குள்ள போன டவுன். நான் மாத்துனது ஒண்ணுதான்: அணையைக் கட்டி முடிச்சாங்க, ஆனா தண்ணி ஏறல்ல. மத்ததெல்லாம் இப்ப இருக்குற மாதிரியே. ஆளுக்கு ஒரு போன், மேல புது டவுன், கீழ பழசு. ஏன் தண்ணி ஏறல்லன்னு கதையில நான் காரணம் சொல்லல்ல. சொல்லணுமா வேணாமான்னு எனக்கே தெளிவில்ல. அதத்தான் நீங்க பாத்துச் சொல்லணும்."

இரண்டாவது அறிமுகத்தில் அவர் ஆசிரியை என்பது கூட வரவில்லை. ஆனாலும் அறையில் இருக்கும் எல்லோரும் அவரைத் தெரிந்துகொண்டுவிட்டார்கள். விக்டோரியா அணை மகாவலியை மறித்து 1985இல் திறக்கப்பட்டது. 122 மீட்டர் உயரம். அதன் நீருக்குள் போன ஊரைக் கண்டிப் பக்கத்து வயதானவர்கள் பலர் நேரில் பார்த்தவர்கள். தேநீர் இடைவேளையில் ஒருவர் வந்து, பழைய கடைத்தெரு எப்படி இருந்தது என்று சொல்லத் தொடங்குவார். ஹட்டன்காரர், மவுசாகலை நீர்த்தேக்கம் வற்றும்போது பழைய மஸ்கெலியாவின் கோயில் தலைகாட்டுவதைச் சொல்வார். அறிமுகம் சரியாக அமைந்தால் ஆட்கள் இப்படிச் சரக்கோடு தேடி வருவார்கள்.

அவர் கடைசியாகச் சொன்னதையும் கவனிக்க வேண்டும். கேட்போர் என்ன செய்ய வேண்டும் என்று அவர் கேட்டுவிட்டார். நன்னூலின் பட்டியலில் "கேட்போர்" தனி உறுப்பு. பட்டறையில் அது பாதி வேலை. "எப்படியிருக்கு?" என்று கேட்டால் "நல்லாயிருக்கு" என்றுதான் பதில் வரும். காரணம் சொல்ல வேண்டுமா வேண்டாமா என்று கேட்டால் இருபது பேரும் அந்தக் கண்ணோடு வாசிப்பார்கள்.

கண்டியில் "கேட்போர்" யார் என்பதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. ஒரே அறையில் நாலு தமிழ் உட்கார்ந்திருக்கும். தோட்டத்திலிருந்து வந்தவருக்குப் பிரட்டு என்றால் விடியற்காலை வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடம். பேர் என்றால் ஒரு நாள் கூலி. பீலி என்றால் மலையூற்றுத் தண்ணீர் விழும் குழாய். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு இந்த மூன்றும் புதிது. அக்குறணைக்காரர் ஜின் என்றால் என்ன விதி என்று தெரிந்து வைத்திருப்பார். வடக்கிலிருந்து வந்தவருக்குக் கொத்தி தெரியும். சிங்கள அயலவரோடு வளர்ந்தவருக்கு மஹசோனாவின் கதைகள் தெரியும். ஆளுக்கொரு பேய் இருக்கிற அறையில், "பேய்க்கதை எழுதுகிறேன்" என்று மட்டும் சொன்னால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றை நினைத்துக்கொள்வார்கள்.

மலையகத் தோட்டங்களில் ரோதைமுனி என்று ஒரு காவல் தெய்வம் உண்டு. ரோதை என்பது சக்கரம். போர்த்துக்கேயர் வழியாக வந்த சொல். தேயிலைத் தொழிற்சாலையின் சுழலும் இயந்திரத்துக்குக் காவலாக மக்கள் தாமே உண்டாக்கிய சாமி. கவ்வாத்து வெட்டும் மலைக்குக் கவ்வாத்துச்சாமி. இயந்திரத்துக்குள் குடியிருக்கும் தெய்வத்தை எழுத இன்று உலகமெங்கும் எழுத்தாளர்கள் முயல்கிறார்கள். இங்கே அது பொங்கல் வைத்துக் கும்பிடப்பட்டு வந்திருக்கிறது. ஹந்தானையில் 1925இல் கட்டப்பட்ட தேயிலைத் தொழிற்சாலை பின்னர் கைவிடப்பட்டு, 2001இல் தேயிலை அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. பழைய இயந்திரங்கள் அங்கே ஓடாமல் நிற்கின்றன. "சக்கரம் நின்றுபோன தொழிற்சாலையில் ரோதைமுனி என்ன செய்கிறார்?" என்று ஒருவர் தன் கதையை அறிமுகப்படுத்தினால், அந்தச் சொல்லைக் கேட்டிராத மட்டக்களப்புக்காரருக்கும் கதையின் வாசல் திறந்துவிடும். ஆனால் அறிமுகத்தில் இப்படி ஒரு சொல், அதிகம் போனால் இரண்டு சொல் போதும். பத்துச் சொல்லுக்குப் பொருள் சொன்னால் அது அகராதியாகிவிடும்.

இந்த மண்ணில் கேட்கக் கூடாத ஒரு கேள்வியும் இருக்கிறது. "சொந்த ஊர் எது?" யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ இது சாதாரண விசாரிப்பு. மலையகத்திலிருந்து வந்த ஒருவர் "பூண்டுலோயா" என்று சொன்னதும், "இல்ல, அதுக்கு முன்னால?" என்று கேட்கப்படுவது வேறு விஷயம். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டு, 1964ஆம் ஆண்டு ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் இவ்வளவு பேர் இந்தியாவுக்கு, இவ்வளவு பேர் இலங்கைக்கு என்று எண்ணிப் பிரிக்கப்பட்ட மக்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். அந்தக் கேள்வி சாதியைத் தோண்டும் கேள்வியாகவும் பல இடங்களில் பயன்பட்டிருக்கிறது. பட்டறை நடத்துபவர் அதை அறிமுகப் படிவத்திலிருந்தே எடுத்துவிடுவது நல்லது. கதையின் ஊரைக் கேட்கட்டும். எழுதியவரின் ஊரை அவர் விரும்பினால் சொல்லட்டும்.

காலம் பற்றி இரண்டு வார்த்தை. எதிர்காலக் கதை என்றால் ஆண்டைச் சொன்னால் போதும். மாற்று வரலாறு என்றால் பிரியும் இடத்தைச் சொல்ல வேண்டும், அதற்குக் கண்டி மாவட்டம் சுரங்கம் மாதிரி. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1869இல் கோப்பிச் செடியில் இலைத்துரு நோய் கண்டது. சில பத்தாண்டுகளில் கோப்பித் தொழிலே அழிந்து தேயிலை மலையை மூடியது. அந்தப் பூஞ்சணம் வராமலே இருந்திருந்தால்? கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1832இல் வேலூரில் கைதியாக இறக்காமல் திரும்பி வந்திருந்தால்? பிரியும் ஆண்டு ஒன்றைச் சொன்னாலே அறிமுகத்தின் பாதி முடிந்துவிடும்.

களம் என்பது இங்கே சஞ்சிகை. கதையை எங்கே அனுப்ப நினைக்கிறார் என்று சொன்னால் சக எழுத்தாளர் அதற்கேற்ப வாசிப்பார். 2000ஆம் ஆண்டு கண்டியில் தொடங்கிய 'ஞானம்' சஞ்சிகைக்கு எழுதும் கதையும், கனவுருப்புனைவு என்ற சொல்லையே அடையாளமாக வைத்துக்கொண்ட 'அரூ' மின்னிதழுக்கு எழுதும் கதையும் ஒரே வாசகரை நினைத்து எழுதப்படுவதில்லை.

பெருமையும் பணிவும்தான் பலருக்குச் சிக்கல். ஒருவர் விருதுகளை வரிசையாகச் சொல்வார். அடுத்தவர் தான் ஒன்றும் இல்லை என்று சொல்லிச் சொல்லிக் கேட்பவரைச் சங்கடப்படுத்துவார். அவையடக்கம் நம் மரபுதான், கம்பர் பாடினார். பாடிவிட்டுப் பெருங்காப்பியம் ஒன்றையும் தந்தார். நன்னூல் இதிலும் தெளிவாக இருக்கிறது. தன்னைத் தானே புகழ்வது தகாது என்கிறது. உடனே விலக்குகளும் தருகிறது. அரசனுக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றலை அறியாதவர்கள் நடுவில் இருக்கும்போது, சபையில் வாதம் வெல்ல வேண்டியிருக்கும்போது, எதிராளி தன்னைப் பழிக்கும்போது என்று நான்கு சந்தர்ப்பம். பட்டறை என்பது அந்த இரண்டாவது சந்தர்ப்பம். அங்கே தன் ஆற்றலைச் சொல்வது குற்றமல்ல.

எந்த ஆற்றலைச் சொல்வது? மற்றவர் கடன் வாங்கக்கூடியதை. கிளார்க் இரண்டாம் உலகப்போரில் விமானப்படையின் ராடார் பிரிவில் வேலை செய்தவர்; தொலைத்தொடர்புக்குச் செயற்கைக்கோள்களைப் பூமியோடு சேர்ந்து சுற்றும்படி நிறுத்தலாம் என்று 1945இலேயே கட்டுரை எழுதியவர். சுஜாதா பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் பொறியாளர். அவர்களுடைய தொழில் கதைக்குள் வந்தது. கண்டிப் பட்டறையிலும் தாதி இருப்பார், நில அளவையாளர் இருப்பார், தொழிற்சாலையில் இராப்பகலாக நின்று இலை வாடும் பதம் பார்ப்பவர் இருப்பார். "தேயிலை எத்தனை மணி நேரத்தில் வாடும், எந்த மணத்தில் புளித்தது என்று எனக்குத் தெரியும், யாருக்காவது வேண்டுமென்றால் கேளுங்கள்" என்று அவர் சொல்வது, மூன்று பரிசுகளைச் சொல்வதைவிட அந்த அறைக்குப் பெரிய கொடை.

கூச்சம் உள்ளவர்களுக்கு ஒக்டேவியா பட்லர் நல்ல துணை. அமெரிக்காவின் கிளாரியன் பட்டறை 1968இல் தொடங்கியது. ஆறு வாரம் நடக்கும். கூச்ச சுபாவம் கொண்ட பட்லர் 1970இல் அங்கே போனார். அங்கிருந்தபோதே தன் முதல் கதைகளை விற்றார். 1995இல் மக்ஆர்தர் நிதிநல்கை பெற்ற முதல் விஞ்ஞானக் கதை எழுத்தாளரும் அவர்தான். அப்படிப்பட்டவர் தன்னைப் பற்றி எழுதிக்கொண்ட பிரபலமான சிறு குறிப்பில் தன்னை நகரத்தின் நடுவே ஒதுங்கி வாழ்பவர் என்கிறார். லட்சியமும் சோம்பலும், தயக்கமும் உறுதியும் தனக்குள் ஒட்டாமல் சேர்ந்திருப்பதாக ஒப்புக்கொள்கிறார். பரிசுப் பட்டியல் அதில் இல்லை. வாசித்தவர்களுக்கு அந்த மனிதர் மறக்கவில்லை.

புதிதாக எழுத வருபவர்கள் அறிமுகத்தில் கதையை மறைப்பதற்கு இன்னொரு காரணம், யாராவது கருவை எடுத்துக்கொள்வார்களோ என்ற பயம். கிளார்க்கின் விண்மின்தூக்கி நாவல் வந்த அதே 1979இல் சார்ல்ஸ் ஷெஃபீல்ட் என்பவரும் விண்மின்தூக்கியை வைத்தே ஒரு நாவல் வெளியிட்டார். ஒருவரை ஒருவர் பார்த்து எழுதவில்லை. இது தற்செயலே என்று கிளார்க் தானே முன்வந்து சக எழுத்தாளர்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். இரண்டு நாவல்களும் நின்றன. ஒரே கரு இரண்டு கையில் இரண்டு கதையாகத்தான் வரும். பயத்தில் வாய்மூடி இருப்பவர் தனக்கு வரவேண்டிய உதவியைத்தான் இழக்கிறார்.

ஆனாலும் எல்லாவற்றையும் சொல்லிவிடக் கூடாது. 1956இல் அமெரிக்காவின் மில்ஃபோர்ட் என்ற ஊரில் டேமன் நைட்டும் அவருடைய நண்பர்களும் தொடங்கிய எழுத்தாளர் கூட்டத்திலிருந்து வந்த ஒரு முறையை இன்றுவரை பல பட்டறைகள் பின்பற்றுகின்றன. வட்டமாக அமர்ந்து ஒவ்வொருவரும் கருத்துச் சொல்வார்கள். கதை எழுதியவர் கடைசிவரை பேசக் கூடாது. அவர் வாய் திறந்து விளக்கினால், தாளில் இல்லாததைக் காதால் கேட்டு வாசகர்கள் சமாதானமாகிவிடுவார்கள் என்பதே காரணம். அறிமுகம் நீண்டால் அதுவும் இதே கெடுதலைச் செய்யும். ஆகவே கதை எங்கே நிற்கிறது என்று சொல்லலாம். என்ன நடக்கிறது என்று சொல்லக் கூடாது. மாற்றிய விதியே கதையின் முடிச்சு என்றால் அந்த விதியையும் சொல்லாமல், வழியையும் காலத்தையும் மட்டும் சொல்லி நிறுத்திவிடலாம். தெல்தெனியா ஆசிரியையின் கதையில் தண்ணீர் ஏறவில்லை என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும், அதனால் அவர் சொல்லலாம். கடைசிப் பக்கத்தில்தான் தெரியவருகிறது என்றால் மூச்சுவிடக் கூடாது.

நடைமுறைக்கு வருவோம். அறிமுகத்தைப் பட்டறை நாளில் வைக்காமல், மூன்று நாள் முன்பே நூறு சொல்லுக்குள் எழுதி வட்ஸ்அப்பில் எல்லோருக்கும் அனுப்பிவிடுவது சிறந்த வழி. ஹட்டன்காரர் பஸ்ஸிலேயே வாசித்துக்கொண்டு வருவார். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதும் நண்பர்களும் வருகிறார்கள் என்றால் மொழிபெயர்க்கவும் நேரம் கிடைக்கும். கொழும்பைச் சேர்ந்த வஜ்ர சந்திரசேகர, 'ஒளிர் கதவுகளின் புனிதர்' என்ற பொருள் தரும் தலைப்பில் ஆங்கிலத்தில் எழுதிய நாவலுக்காக 2024இல் நெபியுலா விருது பெற்ற பிறகு, மூன்று மொழிக்காரர்களும் ஒரே மேசையில் அமர்வதற்கு இந்நாட்டில் காரணம் கூடியிருக்கிறது.

அன்று காலையில் வேறு விதமாகச் செய்யலாம். நன்னூல் சொல்லும் இன்னொரு விதி இதற்குக் கை கொடுக்கும். பாயிரத்தை நூலாசிரியர் எழுதக் கூடாது. அவருடைய ஆசிரியர், உடன் கற்றவர், மாணவர், உரைகாரர் ஆகியோரில் ஒருவரே எழுத வேண்டும் என்கிறது அது. தொல்காப்பியத்துக்குப் பாயிரம் எழுதிய பனம்பாரனார், தொல்காப்பியரோடு கூடப் படித்தவர் என்பது மரபு. வேங்கடம் முதல் குமரி வரை என்ற எல்லையையும், நூல் அரங்கேறிய பாண்டியன் அவையையும், அதைக் கேட்ட அதங்கோட்டு ஆசானையும் அந்தச் சகமாணவர்தான் பதிவு செய்தார்.

இருபது பேரைப் பத்துச் சோடியாக்கி, பத்து நிமிடம் பிளேன்டீயோடு கதைக்க விட்டால் போதும். தெரிந்தவர்கள் சேர்ந்து உட்காராதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். பல்கலைக்கழகப் பிள்ளை தோட்டத்து அண்ணனோடும், அக்குறணை டீச்சர் யாழ்ப்பாணத்துத் தங்கச்சியோடும் இருக்கட்டும். பிறகு ஒவ்வொருவரும் மற்றவரின் கதைக்குப் பாயிரம் சொல்லட்டும், ஆளுக்கு ஒரு நிமிடம். இப்படிச் செய்தால் யாரும் தன்னைப் புகழ வேண்டியதும் இல்லை, தாழ்த்திக்கொள்ள வேண்டியதும் இல்லை. தன் கதையை அடுத்தவர் வாயால் கேட்கும்போது, தான் தெளிவாகச் சொன்னோமா இல்லையா என்பதும் அந்த ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். கதைத்த பத்து நிமிடத்தையும் சேர்த்து அரை மணி நேரத்தில் எல்லாம் முடியும். மீதி அரை மணி நேரம் கதைகளுக்குக் கிடைக்கும்.

அடுத்த பட்டறைக்குப் பெயர் கொடுத்திருப்பவர்கள் இன்றிரவு ஒரு தாள் எடுத்து, தங்கள் கதையில் மாற்றியவை எவை என்று மட்டும் முதலில் எழுதிப் பாருங்கள். பெயரையும் ஊரையும் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.